பழைய எலெக்ட்ரிக் கிட்டார்: எது அழகு, ஏன் அழகு? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, நாசரேத், தென்காசி, வள்ளியூர் என்று எங்கே கிட்டார்காரர்கள் நாலு பேர் கூடினாலும் பேச்சு கடைசியில் ஃபெண்டர், கிப்சன் என்ற அமெரிக்கக் கம்பெனிகளின் பழைய கிட்டார்களில் வந்து நிற்கும். சர்ச் பாட்டுக்குழுவில் வாசிக்கிறவர்கள், கோயில் கொடைக்கு மெல்லிசைக் கச்சேரி செய்கிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவரவர் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். சத்தத்தைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. இது தோற்றத்தைப் பற்றியது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போவதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. அண்ணாச்சி, எத்தனை வருசம் ஆனா ‘வின்டேஜ்’? எங்க சித்தப்பா 2003-ல வாங்குன ஸ்ட்ராட் வின்டேஜ்தானா?

இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. முப்பது வருடம் தாண்டினால் விற்பவர்கள் வின்டேஜ் என்று எழுதிவிடுகிறார்கள். சேகரிப்பவர்கள் பார்ப்பது எந்தக் காலத்துத் தயாரிப்பு என்பதை. லியோ ஃபெண்டரின் கம்பெனி 1965 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முந்தைய ஃபெண்டர்கள் முதல் வரிசை. கிப்சனில் 1952 தொடங்கி 1965 வரை என்று ஏறக்குறைய வைத்துக்கொள்ளலாம். எழுபதுகளில் வந்தவை இரண்டாம் வரிசை, ஆனால் அவற்றுக்கும் இப்போது விலை ஏறிவிட்டது.

சித்தப்பாவின் ஸ்ட்ராட் நல்ல பழைய கிட்டார். அவ்வளவுதான்.

2. டெலி, ஸ்ட்ராட், லெஸ் பால், 335. நாலையும் பார்த்த உடனே எப்படிப் பிரிச்சுச் சொல்லுறது?

ஃபெண்டரின் டெலிகாஸ்டர் தட்டையான பலகை. கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு வெட்டு, ஹெட்ஸ்டாக்கில் (தலைப்பகுதி) ஒரே வரிசையில் கம்பி முறுக்கும் ஆறு கீ. 1950-ல் எஸ்கொயர், பிராட்காஸ்டர் என்ற பெயர்களில் வந்தது. கிரெட்ச் கம்பெனி தன்னுடைய டிரம்ஸ் பெயரோடு மோதுகிறது என்று ஆட்சேபித்ததால் 1951-ல் டெலிகாஸ்டர் ஆனது. இடையில் சில மாதம் மாடல் பெயரே ஒட்டாமல் வெளியே போனவற்றைத்தான் நோகாஸ்டர் என்கிறார்கள். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-ல் வந்தது: இரண்டு கொம்பு, மேல் கொம்பு நீளம், மூன்று பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்). முன்கை படும் இடமும் விலா படும் இடமும் சரிவாக இழைக்கப்பட்டிருக்கும். அந்த உருவத்தைத் தாளில் வரைந்தவர் ஃப்ரெடி டவாரெஸ்.

கிப்சனின் லெஸ் பாலுக்கு முகம் நடுவில் மேடாக எழும்பியிருக்கும். ஓரத்தில் க்ரீம் நிற பைண்டிங் (ஓரப்பட்டை), ஹெட்ஸ்டாக்கில் பக்கத்துக்கு மூன்று கீ, உடல் அகலம் சுமார் 13 அங்குலம். 1958-ல் கிப்சனில் வந்த இ.எஸ்.-335 சுமார் 16 அங்குல அகலம், இரண்டு கொம்பு, f எழுத்து வடிவில் இரண்டு எஃப் துளை, உள்ளே நடுவில் நீளமாக ஒரு மரக்கட்டை.

இன்னொரு வித்தியாசம் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. தலைப்பக்கத்து நட்டிலிருந்து உடலில் உள்ள பிரிட்ஜ் வரை கம்பி நீளம் ஃபெண்டரில் 25½ அங்குலம், கிப்சனில் 24¾. லெஸ் பால் மேடையில் குறுகிக் கட்டையாகவும், ஸ்ட்ராட் நீளமாகவும் தெரிவதில் இதற்கும் பங்கு உண்டு.

3. சுத்தி வளைக்காம சொல்லுங்க, எதுதான் அழகு?

உருவத்தின் கோட்டுக்கு ஸ்ட்ராட். எந்தப் பக்கம் திருப்பினாலும் கோடு எங்கும் அறுபடாமல் ஓடுகிறது. மேற்பரப்புக்கு 1958–60 லெஸ் பால். எளிமைக்கு 1954-க்கு முந்தைய டெலி: வெண்ணெய் நிற ஆஷ் மரம், கறுப்பு பிக்கார்டு (உடலில் கீறல் விழாமல் காக்கும் தகடு), அதற்கு மேல் எதுவும் இல்லை. 1954 கடைசியில் பிக்கார்டை வெள்ளையாக்கினார்கள். எங்கள் கண்ணுக்கு அதோடு டெலியின் களை பாதி போனது.

4. புதுசு பளபளன்னு இருக்கு. பழசுல மங்கலும் கீறலுமா கெடக்கு. அதுல என்னத்த அழகு?

பழைய கிட்டார்களின் பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். மெல்லிசாக அடிக்கப்பட்டு, கரைப்பான் ஆவியானதும் இறுகிவிடும். ஆனால் அது முழுக்க நிலைத்து நிற்கிற பொருள் கிடையாது. வருடக்கணக்கில் இன்னும் சுருங்கும், வெளிச்சம் பட்டு மஞ்சளாகும், மரத்தின் துளைகளுக்குள் அமுங்கும். அதனால் பழைய கிட்டாரைச் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடி மாதிரியான வழவழப்பு இருக்காது. மரத்தின் ரேகை மேற்பரப்பிலேயே லேசாகத் தெரியும்.

மயிரிழை விரிசல் வருவதற்கும் காரணம் இதுதான். குளிரில் லாக்கரும் மரமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வயதான லாக்கருக்கு இழுவைத் தன்மை இல்லாததால் நூல் நூலாக வெடிக்கிறது. லெஸ் பால் முகத்தில் பெரும்பாலும் குறுக்கே, மரத்தின் ரேகைக்கு எதிராக ஓடும். ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தை முப்பது டிகிரி சாய்த்தால்தான் தெரியும், நேராகப் பார்த்தால் மறைந்துவிடும்.

1968 வாக்கில் ஃபெண்டர் பாலியஸ்டர் பூச்சுக்கு மாறியது. தடிமன் கூட, தேய்மானம் குறைவு, பட்டால் சில்லாகப் பெயரும். எழுபதுகளின் ஸ்ட்ராட் ஐம்பது வருடம் கழித்தும் பிளாஸ்டிக் போல மின்னுவது அதனால்தான். புதுசு போலவே இருக்கணும் என்பவர்களுக்கு அந்தக் காலத்துக் கிட்டார் பிடிக்கும்.

5. 1959 லெஸ் பால்னு ஏன் இவ்வளவு பேச்சு? மத்த வருசத்து சன்பர்ஸ்ட் ஆகாதா?

முதலில் வந்த லெஸ் பால்களுக்கு முகம் தங்க நிறம். விற்பனை குறைந்ததும், 1958 நடுவில் கிப்சன் அந்தத் தங்கப் பூச்சை எடுத்துவிட்டு மேப்பிள் முகத்தைச் செர்ரி சன்பர்ஸ்ட்டில் (ஓரத்தில் சிவந்து நடுவில் மஞ்சளாகும் நிறம்) காட்டியது. அதுவும் ஓடவில்லை. 1960 கடைசியில் நிறுத்திவிட்டு 1961-ல் மெல்லிய இரட்டைக் கொம்பு உருவத்துக்குப் போனார்கள். அதுதான் இன்றைய எஸ்.ஜி. இந்த மூன்று வருடத்தில் வந்த சன்பர்ஸ்ட்கள் மொத்தமே 2,000-க்கும் குறைவு.

முகம் ஒரே மேப்பிள் பலகையை இரண்டாக அறுத்து, புத்தகம் விரிப்பதுபோலப் பக்கத்தில் பக்கம் வைத்து ஒட்டியது. மரத்தின் நார் அலை அலையாக ஓடியிருந்தால் புலிவரி விழும். அந்த வரி பெயிண்ட் கிடையாது. நார் ஏறும் இடத்தில் வெளிச்சம் ஒரு பக்கமும் இறங்கும் இடத்தில் மறுபக்கமும் திரும்புகிறது. அதனால் கிட்டாரை அசைத்தால் கறுத்த வரி வெளுக்கும், வெளுத்த வரி கறுக்கும், இரு நிற நூல் கலந்த பட்டுச்சேலை மடிப்பில் நிறம் மாறுகிற மாதிரி. அப்போது கிப்சன் மரம் பொறுக்கும்போது வரியைப் பெரிதாக எண்ணவில்லை. ஆகவே வரியே இல்லாத வெற்று முகமும் நிறைய உண்டு, குறிப்பாக 1958-ல்.

சிவப்புச் சாயம்தான் மீதிக் கதை. 1958, 59-ல் போட்ட சிவப்பு வெயிலுக்கு நிற்கவில்லை. கடை ஜன்னலில் தொங்கியவை எலுமிச்சை மஞ்சளாகவும் தேன் நிறமாகவும் வெளுத்தன. பெட்டிக்குள் கிடந்தவை செர்ரியாகவே நின்றன. இரண்டு கிட்டார் ஒன்றுபோல இல்லாமல் போனது இப்படித்தான். 1960-ல் வெளுக்காத சாயத்துக்கு மாறினார்கள். அதன் சிவப்பு கொஞ்சம் கூச்சலானது. நெக் (கைப்பிடி) 1958-ல் தடிமன், 1959-ல் நடுத்தரம், 1960-ல் மெல்லிசு. நிறமும் நெக்கும் அகலமான ஃப்ரெட்டும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஒன்றாகச் சேர்ந்தது 1959 என்பதால் அதற்குக் கிராக்கி, விலை கோடிகளில். 1958-ல் நல்ல வரி விழுந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் தோற்றத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

6. தங்க லெஸ் பால்ல கை வைக்கிற இடம் பச்சையா போயிருக்கு. பாசியா?

பாசி இல்லை. தங்க நிறம் வெண்கலத் தூளை லாக்கரில் கலந்து அடித்தது. முன்கை உரசி மேல் பூச்சு போனதும் வியர்வை அந்தத் தூளில் பட்டுச் செம்புக் களிம்பு பிடிக்கிறது. நம் ஊர் வியர்வைக்குச் சீக்கிரமே பிடிக்கும். தேய்த்து எடுக்கப் போனால் பச்சையோடு தங்கமும் போய் மேப்பிள்தான் மிஞ்சும். ஒரிஜினல் என்பதற்கு அது நல்ல அடையாளம், அப்படியே விடுங்கள்.

7. ஃபெண்டர்ல நீலம், பச்சை, ரோஸ் எல்லாம் கார் பெயிண்ட்டுன்னு சொல்லுதாங்களே, நெசமா?

நிஜம்தான். டூபாண்ட் கம்பெனியின் கார் பெயிண்ட்டுகள் அவை. ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு தண்டர்பேர்டு காரில் வந்தது, சோனிக் புளூ காடிலாக்கில் வந்தது. வழக்கமான சன்பர்ஸ்ட்டை விட்டு இந்த நிறங்கள் கேட்டால் 5 சதவீதம் கூடுதல் விலை. அன்று அதிகம் பேர் கேட்கவில்லை. இன்று அதே கிட்டார் சன்பர்ஸ்ட்டைவிடப் பல மடங்கு விலைக்குப் போகிறது.

கண்ணை ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. பல கிட்டார்களில் நிறத்துக்கு மேல் ஒரு தெளிவான நைட்ரோ பூச்சு இருக்கும். 4-ம் கேள்வியில் சொன்னபடி அது மஞ்சளாகும். மஞ்சளுக்கு அடியில் நீலம் பச்சையாகத் தெரியும், வெள்ளை க்ரீமாகத் தெரியும். லேக் பிளாசிட் புளூ பல நேரம் கடற்பச்சையாக நிற்பது அதனால்தான். ஆகவே படத்தில் பார்க்கும் பச்சை, கம்பெனியின் பச்சையா மஞ்சள் ஏறிய நீலமா என்று தீர்மானிக்க வேண்டுமானால் பிக்கார்டைக் கழற்றி அடியில் வெளிச்சம் படாத இடத்தைப் பார்க்க வேண்டும்.

8. பெரிய தலை, சின்ன தலைன்னு ஸ்ட்ராட்ல சண்டை போடுறாங்க. என்ன விசயம்?

1965 கடைசியில் ஸ்ட்ராட் ஹெட்ஸ்டாக்கைப் பெரிதாக்கினார்கள். தூரத்திலிருந்து லோகோ தெரிய வேண்டும் என்ற நோக்கம் அதில் அப்பட்டம். சிறிய தலையில் உடலுக்கும் தலைக்கும் அளவுப் பொருத்தம் சரியாக இருக்கும். பெரிய தலை கொஞ்சம் கனத்துத் தெரியும். 1971-ல் நெக்கைப் பிடிக்கும் நான்கு ஸ்க்ரூவை மூன்றாக்கி, தலையில் தோட்டா வடிவ ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி) மூடியையும் வைத்தார்கள். பெரிய தலையோடு மேப்பிள் ஃபிங்கர்போர்டு (விரல் பதிக்கும் பலகை) சேர்ந்தால் எங்களுக்குப் பிடிக்கும், ஈட்டி மரத்தோடு (ரோஸ்வுட்) சேர்ந்தால் பிடிக்காது. இது ரசனை, நியாயம் கேட்காதீர்கள்.

9. எங்க கிட்டார்ல வெள்ளை பிக்கார்டு பச்சையாயிட்டு, ஸ்க்ரூகிட்ட வெடிச்சும் போச்சு. புதுசு மாத்திரலாமா?

கிட்டார் 1959 நடுவிலிருந்து 1965 வரையான ஸ்ட்ராட் என்றால் மாற்றாதீர்கள். அந்தக் காலத்தில் மூன்று அடுக்கு செல்லுலாய்டு, பதினொரு ஸ்க்ரூ. வயதாக ஆக வெளிர் புதினா நிறம் ஏறும், சுருங்கும். ஸ்க்ரூ பிடித்த இடம் அசையாது, நடுப்பகுதி சுருங்கும். இழுவை தாங்காமல் ஸ்க்ரூ துளையிலிருந்தும் நெக் பிக்கப் பக்கத்து மெல்லிய பகுதியிலிருந்தும் விரிசல் ஓடும். அதற்கு முன் 1954 முதல் இருந்தது ஒற்றை அடுக்கு வெள்ளை, எட்டு ஸ்க்ரூ, அது பச்சையாகாது. ஆக ஸ்க்ரூவை எண்ணினாலே காலம் பாதி தெரிந்துவிடும்.

விரிசல் இருந்தால் அந்த ஒரு ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் தளர்த்திவிடுங்கள், மேற்கொண்டு ஓடாது. கழற்ற வேண்டியிருந்தால் வெயில் காலத்துப் பகலில் கழற்றுங்கள், குளிர்ந்த ஏ.சி. அறையில் செல்லுலாய்டு இன்னும் முறுகலாக இருக்கும். வாசிக்கப் புதிய பிக்கார்டு போட்டுக்கொண்டு பழையதைத் தட்டையாகக் காகிதத்தில் சுற்றி வைப்பதும் உண்டு. பிளாஸ்டிக் பையில் அடைக்கக் கூடாது. அழுகத் தொடங்கிய செல்லுலாய்டு அமில ஆவி விடும். பக்கத்தில் இருக்கிற ஸ்க்ரூ, பிக்கப் மூடி எல்லாம் பச்சை பூத்துத் துருவேறும். பழைய கிரெட்ச்களில் பைண்டிங் பொடிப்பொடியாக உதிர்வதும் இதே நோய்தான்.

10. கிறிஸ்மஸ் ஆராதனைக்கு மேடையில நல்லா எடுப்பா இருக்கணும். கிரெட்ச்சா, ரிக்கன்பேக்கரா?

தூரத்துப் பார்வைக்குக் கிரெட்ச். டிரம்ஸ் செய்கிற கம்பெனி என்பதால் டிரம்மில் ஒட்டுகிற மினுமினுப்புத் தாளையே கிட்டாருக்கும் ஒட்டினார்கள். சில்வர் ஜெட்டின் முகமும், ஒயிட் ஃபால்கனின் தங்க மினுக்கு ஓரமும் அப்படி வந்தவை. ஒயிட் ஃபால்கனை 1954-ல் கண்காட்சிக்கென்று காட்டினார்கள். இப்போதும் அது கண்காட்சிப் பொருள்தான், நகைக்கடை மாதிரி இருக்கும் என்று சிலருக்குப் பிடிக்காது. கிரெட்ச் 6120-ன் ஆரஞ்சு நிறம் மேடை வெளிச்சத்தில் வேறு எந்தக் கிட்டாரையும் அமுக்கிவிடும். ரிக்கன்பேக்கர் 360 கிட்டத்துப் பார்வைக்கு: ஓரத்தில் சிவந்து நடுவில் மஞ்சளாகும் ஃபயர்குளோ நிறம், பளபளக்கும் ஈட்டி ஃபிங்கர்போர்டு, அதில் பதித்த முக்கோண இன்லே. 1964-ல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கையில் பன்னிரண்டு கம்பி ரிக்கன்பேக்கர் வந்த பிறகு உலகமே கேட்டது.

மேடையில் வருகிற சிக்கலையும் சொல்லிவிடுகிறோம். 6120 உள்ளே வெற்று. மானிட்டர் பாக்ஸ் காலடியில் இருந்தால் ஊளையிடும். 1962 முதல் கிரெட்ச்சே சில மாடல்களில் எஃப் துளையை மூடி, இருப்பதுபோல வரைந்து மட்டும் வைத்தது இதற்காகத்தான். நெருக்கமான மேடை என்றால் நடுக்கட்டை உள்ள 335 பாதுகாப்பு.

11. ஃப்ளையிங் வி-யை உட்கார்ந்து வாசிக்க முடியுமா வே?

முடியும், கிட்டாரின் இரண்டு காலுக்கும் நடுவில் வலது தொடையை நுழைத்து. சுகமாக இருக்காது. 1958-ல் கொரினா மரத்தில் ஃப்ளையிங் வி-யும் எக்ஸ்ப்ளோரரும் வந்தபோது வாங்க ஆளில்லை. முதல் தயாரிப்பில் நூறு வி கூடப் போகவில்லை. 1963-ல் ஃபயர்பேர்டுக்கு ரே டீட்ரிக் என்ற கார் வடிவமைப்பாளரைக் கூப்பிட்டார்கள். அதன் வளைவுகளில் கார் தெரியும். இந்த மூன்றையும் சுவரில் மாட்டிப் பார்ப்பதும் தோளில் மாட்டிப் பார்ப்பதும் வேறு வேறு. தோளில் போட்டால் ஃபயர்பேர்டின் தலை கீழே சாயும்.

12. கோடியெல்லாம் நமக்கு ஆகாது. கிவ்ஸன்ல ‘விண்டேஜ் லுக்’ கிடைக்குமா? ஜப்பான்காரன் செஞ்சது நல்லதுங்காங்களே?

கிவ்ஸன் கொல்கத்தாவில் செய்யப்படும் நம் நாட்டுக் கிட்டார். பெயர் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம் என்பதால் ‘பழைய கிப்சன் இருக்கு’ என்று வரும் தகவல்களில் பாதி இதுவாக முடியும். கேட்கும்போதே ஹெட்ஸ்டாக் படம் வாங்கிவிடுங்கள்.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வந்த டொக்காய், க்ரெகோ போன்ற ஜப்பான் கிட்டார்கள் ஐம்பதுகளின் அளவுகளைக் கவனமாகப் பார்த்துச் செய்யப்பட்டவை. சிலவற்றின் கோடு அதே காலத்து அமெரிக்கக் கிட்டாரைவிட ஒரிஜினலுக்கு நெருக்கம். ‘லாசூட் கிட்டார்’ (வழக்கில் சிக்கிய கிட்டார்) என்ற பெயரை நம்பிப் பணம் கூட்டிக் கொடுக்காதீர்கள். 1977-ல் கிப்சனின் தாய்க் கம்பெனி நார்லின், ஜப்பானின் ஐபனீஸை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் கம்பெனிமேல் ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காக ஒரே ஒரு வழக்குப் போட்டது. மற்றக் கம்பெனிகளின் நகல்களுக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

13. ஃபிங்கர்போர்டுல பிரேசில் ஈட்டி, இந்திய ஈட்டி. கண்ணால பார்த்துச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். பிரேசில் ஈட்டி சாக்லேட் நிறத்தில், மை இழுத்ததுபோலக் கறுப்புக் கோடுகளோடு இருக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி ஊதா கலந்த பழுப்பு, ரேகை நேராக ஓடும். கைபட்டு எண்ணெய் ஊறிய பிறகு இரண்டும் கறுத்துவிடுவதால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. அறுபதுகளின் நடுவில்தான் அமெரிக்கக் கம்பெனிகள் நம் ஈட்டிக்கு மாறத் தொடங்கின.

ஃபெண்டரில் இன்னொரு அடையாளம் உண்டு. 1959 நடுவிலிருந்து 1962 நடுவரை ஈட்டியைத் தட்டையான தடித்த பலகையாக ஒட்டினார்கள். பிறகு வளைத்து மெல்லிசாக ஒட்டினார்கள். நெக்கின் அடிமுனையைப் பார்த்தால் ஒட்டுக்கோடு நேரா வளைவா என்று தெரியும். ஃப்ரெட் புள்ளிகள் 1964 வரை மங்கலான களிமண் நிறம், அதற்குப் பின் முத்துப் பளபளப்பு.

இது வெறும் அழகு விவகாரம் கிடையாது. பிரேசில் ஈட்டி 1992 முதல், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அந்த ஃபிங்கர்போர்டு உள்ள கிட்டார் நாடு தாண்ட வேண்டுமானால் தடைக்கு முந்தைய மரம் என்ற சான்று வேண்டும். இந்திய ஈட்டியில் செய்து முடித்த இசைக்கருவிக்கு 2019 நவம்பரில் அந்தத் தொல்லை நீங்கியது.

14. போட்டோ மட்டும் வச்சு ரெண்டு கிட்டாரை ஒப்பிடணும். என்னென்ன கேட்டு வாங்கணும்?

இரண்டையும் ஒரே மாதிரி வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். நேர் வெயில் வேண்டாம், ட்யூப்லைட்டும் வேண்டாம். காலை பத்து மணிக்கு தார்சாவில் விழுகிற நிழல் வெளிச்சம் போதும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் படத்துக்குள் தெரிய வேண்டும். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் கிட்டாரின் மஞ்சளையும் நம்பாதீர்கள். போனில் நிறத்தைக் கூட்டிக் காட்டும் வசதிகளை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

முன், பின், ஹெட்ஸ்டாக்கின் இரு பக்கம் ஆகியவை எல்லாரும் அனுப்புவார்கள். கேட்டு வாங்க வேண்டியவை வேறு: முகத்தைச் சாய்த்து விரிசல் தெரியும்படி ஒன்று, ஃபெண்டர் என்றால் நெக்கைக் கழற்றி உட்பள்ளமும் நெக்கின் அடியும், பிக்கார்டுக்கு அடியில், பின்பக்க மூடிக்குள் வயரிங். லெஸ் பால் என்றால் ஹெட்ஸ்டாக் நெக்கோடு சேரும் இடத்தைப் பின்னாலிருந்து மிகக் கிட்டத்தில். 17 டிகிரி சாய்வு, மஹாகனி, அந்த இடத்தில் ட்ரஸ் ராடுக்காகத் தோண்டிய பள்ளம் எல்லாம் சேர்ந்து, கீழே சாய்ந்து விழுந்தாலே உடைகிற இடம் அது. ஒட்டி மறைத்திருந்தால் பூச்சில் ஒரு கோடோ நிற மாற்றமோ தெரியும்.

உலோகத்தையும் பாருங்கள். கிப்சன் 1965 வாக்கு வரை நிக்கல் முலாம், பிறகு குரோம். நிக்கல் வயதானால் இளமஞ்சள் ஏறி மங்கும். குரோம் நீலம் கலந்த வெள்ளையாக மின்னிக்கொண்டே இருக்கும். 1959 என்று சொல்லும் கிட்டாரில் பிக்கப் மூடி கண்ணாடிபோல மின்னினால் அது மாற்றப்பட்டிருக்கலாம்.

15. மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்கானான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

கடைகளில் ரூபாய் நோட்டுப் பார்க்கிற ஊதா லைட் போதும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அடியுங்கள். பழைய நைட்ரோ பச்சை கலந்த மஞ்சளாகப் பால்போல ஒளிரும், புதிய பூச்சு இருண்டு கிடக்கும். ஒளிர்கிற உடலில் ஒரு இடம் மட்டும் கறுத்துத் தெரிந்தால் அங்கே கைவேலை நடந்திருக்கிறது. பிக்கார்டுக்கு அடியில் ஒளிர்வு குறைந்திருப்பது இயல்பு, அங்கே வெளிச்சமே படவில்லை. இந்தச் சோதனை நைட்ரோவுக்குத்தான், பாலியஸ்டரில் செல்லாது.

1964 வரையான ஃபெண்டர்களில் உடலில் சின்ன ஆணித் துளைகள் இருக்கும், பூச்சுக் காயும்போது தாங்கி நிறுத்த அடித்த ஆணிகள். பூச்சு அடித்த பிறகுதான் ஆணியைப் பிடுங்குவார்கள். ஆக துளைக்குள் பெயிண்ட் இறங்கியிருந்தால் பின்னால் அடித்த பெயிண்ட். பிக்கார்டைக் கழற்றினால் துளைகளைப் பார்க்கலாம்.

16. பாட்ல தேதி இருக்குங்காங்க. அதை வச்சே வருசம் சொல்லிரலாமா?

‘இதற்கு முன் இல்லை’ என்று மட்டும் சொல்லலாம். வால்யூம் பாட்டின் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின் உள்பாகம்) முதுகில் உள்ள எண்ணில் முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி: 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். மீதி வருடமும் வாரமும். 3046320 என்றால் ஸ்டாக்போல், 1963, இருபதாவது வாரம். ஐம்பதுகளில் வருடத்துக்கு ஒரே இலக்கம். பாட் வாங்கி அடுக்கி வைத்து இரண்டு வருடம் கழித்தும் போட்டிருப்பார்கள், பிறகு மாற்றியும் இருப்பார்கள். சால்டர் பழையதா, நெக் அடியில் உள்ள தேதி, பூச்சு, பிளாஸ்டிக் எல்லாம் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கிப்சனில் ஒரு குறுக்குவழி உண்டு: ஹெட்ஸ்டாக் பின்னால் ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்று மரத்தில் குத்தியிருந்தால் 1970 அல்லது அதற்குப் பிறகு.

17. இப்போ புதுசுலயே தேய்ச்சு ‘ரெலிக்’னு விக்கிறாங்களே. ஒரிஜினல் தேய்மானத்துக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

நிஜத் தேய்மானம் உடம்பு படும் இடத்தில் இருக்கும்: முன்கை உரசும் மேல் ஓரம், பெல்ட் பக்கிள் படும் முதுகு, முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குப் பின்னால் கட்டைவிரல் ஓடும் இடம். தேய்மானத்தின் விளிம்பைத் தடவினால் கை தடுக்காது, பூச்சு மெல்ல மெல்ல மரத்தில் கரைந்திருக்கும். செயற்கையில் விளிம்பு தட்டுப்படும், யாரும் தொடாத இடத்திலும் தேய்ந்திருக்கும். பிளேடால் போட்ட விரிசல் நேராக, ஒரே இடைவெளியில் ஓடும். ஃபிங்கர்போர்டு தேயாமல் உடல் மட்டும் தேய்ந்திருந்தால் கதை புரிந்துவிடும். நல்ல கைவினைஞர்கள் செய்தது படத்தில் ஏமாற்றும், கையில் எடுத்தால் ஏமாற்றாது.

18. எங்க வீடு உவரி பக்கம், கடற்காத்து. தங்கச்சி வீடு குற்றாலம். இந்தக் கிட்டாரெல்லாம் தாங்குமா?

தாங்கும், இரண்டு இடத்திலும் பகை வேறு. கடற்கரையில் உப்பு. நிக்கல், ஸ்க்ரூ, பிரிட்ஜ் சேணங்கள் முதலில் போகும். வாசித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியையும் பிரிட்ஜையும் துடைத்துப் பெட்டியில் வையுங்கள், ஸ்டாண்டில் விட வேண்டாம். குற்றாலத்தில் சாரல் காலத்து ஈரம். நெக் அசையும், பெட்டியின் உள்துணி பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் சின்ன ஈரமானி ஒன்று வைத்து 45 முதல் 55 சதவீதத்தில் நிறுத்தப் பாருங்கள். ஏறினால் சிலிக்கா ஜெல். சித்திரை, வைகாசியில் திருநெல்வேலி டவுன் பக்கம் நேர்மாறு. மரம் காய்ந்து ஃப்ரெட் முனை கையைக் கிழிக்கும்.

நைட்ரோவுக்கு மட்டும் சில தடைகள். ரப்பர் ஸ்பாஞ்ச் வைத்த ஸ்டாண்ட் பட்ட இடத்தில் லாக்கர் இளகி ஒட்டிக்கொள்ளும். ஸ்டாண்டின் கைகளில் வேட்டித் துணியைச் சுற்றுங்கள். சானிடைசர் போட்ட கை, ஸ்பிரிட், டீட் கலந்த கொசு மருந்து மூன்றும் பூச்சைக் கரைக்கும். ஏ.சி. பஸ்ஸிலோ ஏ.சி. காரிலோ வந்து இறங்கியதும் பெட்டியைத் திறக்காதீர்கள், இரண்டு மணி நேரம் விடுங்கள்.

19. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்கலாமா?

பெட்டிக்கு வையுங்கள். ஈரச் சந்தனம் மயிரிழை விரிசலுக்குள் இறங்கிக் காய்ந்தால் வெளியே எடுக்க வழியில்லை, குங்குமச் சாயமும் அப்படியே. மாலையையும் நேராகக் கிட்டார்மேல் சாத்த வேண்டாம், பூவின் ஈரம் ஒரு ராத்திரியில் வெள்ளைத் திட்டு போட்டுவிடும்.

20. ஒரே விலைக்கு ரெண்டு ஸ்ட்ராட் வந்திருக்கு. ஒண்ணு 1966, எல்லாம் ஒரிஜினல், ஆனா நல்லா தேய்ஞ்சது. இன்னொண்ணு 1963, மறுபெயிண்ட், பார்க்க அம்சமா இருக்கு. எதை எடுக்க?

வாசிக்க என்றால் 1963. சிறிய தலை, களிமண் புள்ளி, புதினா பிக்கார்டு என்று கண்ணுக்குப் பிடித்ததெல்லாம் அதில் இருக்கும். மறுபெயிண்ட் அடித்தால் மதிப்பு ஏறக்குறைய பாதியாகும் என்பது சந்தைக் கணக்கு. அதனால்தான் அது 1966 விலைக்கு இறங்கி வந்திருக்கிறது. வைத்திருந்து பின்னால் விற்க என்றால் 1966. தேய்மானம் மதிப்பைப் பெரிதாகக் குறைப்பதில்லை.

1963-ல் பார்க்க வேண்டியது, நெக்கும் உடலும் ஒன்றாகப் பிறந்தவைதானா என்பது. நெக் அடியில் முத்திரை இருக்கும்: ‘2’ என்ற எண் ஸ்ட்ராட்டைக் குறிக்கும், பிறகு மாதமும் வருடமும், கடைசி எழுத்து நட் அகலம். ஸ்க்ரூ துளைகளை அடைத்து மறுபடி துளைத்திருக்கக் கூடாது. பாட் எண் 16-ம் கேள்வியில் சொன்னபடி 1963-ஐத் தாண்டக் கூடாது. பெயிண்ட்டுக்காக உடலை உரசியதில் ஓரங்களின் வளைவு குறைந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். மெஷின் வைத்து உரசியிருந்தால் கொம்பு முனை மழுங்கியிருக்கும். அந்த உடல் எந்தப் பெயிண்ட் அடித்தாலும் சரியாகத் தெரியாது, விட்டுவிடுங்கள்.

இரண்டில் எதுவானாலும் வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் ஃபிங்கர்போர்டு மரத்தைக் கேளுங்கள். 1963 என்றால் பிரேசில் ஈட்டி. 1966 மரம் மாறிக்கொண்டிருந்த காலம், எதுவாகவும் இருக்கலாம். 13-ம் கேள்வியில் சொன்ன சான்றின் நகலைப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.